பழைய ஹைலக்ஸ்: 5எல் எஞ்சினா, 1கேடி எஞ்சினா?

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் தேடுபவர்கள் பலர் கடைசியில் இந்த இரண்டு டீசல் எஞ்சின்களில் வந்துதான் நிற்கிறார்கள். 5எல் என்பது 2986 சிசி, டர்போ கிடையாது, மெக்கானிக்கல் பம்ப். 1கேடி 2982 சிசி, டர்போவும் காமன் ரெயிலும் (எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்த டீசலைத் தரும் பொதுக் குழாய்) சேர்ந்தது. இழுவையில் 1கேடி எங்கேயோ இருக்கிறது, அதில் வாதமே இல்லை. ஆனால் வண்டி மக்கர் பண்ணினால் எதில் கோளாறு சீக்கிரம் பிடிபடும்?

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். 5எல்லில் சாவியை ஆன் செய்ததும் பம்பிலுள்ள சொலினாய்டு (டீசலைத் திறந்துவிடும் மின்வால்வு) ‘டக்’ என்கிறதா என்று கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் டீசலே உள்ளே போகாது. அப்புறம் பில்டர் மேலுள்ள கைப்பம்பை அழுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் இறுகிவிட வேண்டும். எவ்வளவு அழுத்தியும் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, முதலில் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். இரண்டும் சரி, வெள்ளைப் புகை மட்டும் வருகிறது என்றால் ஹீட்டர் பிளக்குகளை மீட்டர் வைத்துச் சோதிக்கலாம். ஒரு சிலிண்டர் மேல் சந்தேகமா? ஐட்லிங்கில் நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) வரும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் சும்மா இருக்கிறது.

இதே வித்தையை 1கேடியில் காட்டிவிடாதீர்கள். ஐட்லிங்கிலேயே ரெயிலில் சில நூறு பார் அழுத்தம் இருக்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

1கேடிக்கு ஸ்கேனர்தான் ஸ்டெதாஸ்கோப். ரெயில் அழுத்தம் கேட்ட அளவுக்கு ஏறுகிறதா, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு திருத்தம் கொடுக்கிறது என்று எண்ணாகவே காட்டிவிடும். ஐட்லிங் ஏறி இறங்கினால் பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு மேலும் ஒரு கண் வையுங்கள். இதுவரை 1கேடியே மேல் என்றுதான் சொல்வேன். காது பழகாதவருக்கும் விடை கிடைக்கிறதே.

ஆனால் அதன் உயிரையே எடுக்கும் கோளாறு ஸ்கேனரில் பிழைக் குறியீடாக வராமலே போகலாம். இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செம்பு வாஷர் கசிந்தால் எரிந்த வாயு ஆயிலில் கலக்கிறது. ஆயில் கெட்டித் தாராகி, சம்புக்குள் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இருக்கும் ஸ்ட்ரெய்னரை, அதாவது ஆயில் உறிஞ்சும் இடத்திலுள்ள வலைச் சல்லடையை, அடைக்கிறது. ஆயில் மேலே ஏறாவிட்டால் பேரிங் போய்விடும். வாஷர் சில்லறைக் காசு, எஞ்சின் அப்படியா? இன்ஜெக்டரையே மாற்றினால் புதியதன் மேலுள்ள குறியீட்டை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், வழியோரக் கடையில் அது நடக்காது. 5எல்லின் நாசிலோ, பெஞ்சில் வைத்துப் பார்க்கத் தெரிந்த எந்தப் பம்ப் கடையிலும் சரியாகும்.

இரண்டிலும் இருப்பது டைமிங் பெல்ட்தான். பெல்ட் மாற்றும் நேரம் வந்ததென்று டேஷ்போர்டில் எரியும் விளக்கை அணைத்துவிட்டு, பெல்ட்டை மாற்றாமலே விற்கும் புண்ணியவான்களும் உண்டு. ரசீது கேளுங்கள்.

பக்கத்தில் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறை இல்லாத ஊரில் ஓட்டுவதென்றால், மெதுவாகப் போனாலும் 5எல்தான் என் தேர்வு. 1கேடிதான் வேண்டும் என்றால் விலை பேசும் முன் உங்கள் செலவிலேயே சம்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்த்துவிடுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லையா, அடுத்த வண்டியைப் பாருங்கள்.