அப்பா அம்மாவோடு ஆன்டலோப் கேன்யன் போகிறவர்கள் டிக்கெட் போடும்முன் இதைப் படித்துவிடுங்கள்

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதத்துக்கு அமெரிக்காவுக்கு எங்களிடம் வந்திருந்தார்கள். ஜூன் மாதம் லாஸ் வேகஸில் இறங்கி வாடகைக் கார் எடுத்து, சயான் தேசியப் பூங்கா, ஆன்டலோப் கேன்யனுக்குப் பக்கத்து ஊரான பேஜ், பெரிய செம்பாறைகள் தனித்தனியாக நிற்கும் மானுமென்ட் வேலி என்று செம்மண் மலைகள் வழியாக நான்கு நாள் ஓட்டுவதாகத் திட்டம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அதனால் நடை, படி, தூரம் எல்லாம் ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் போட்டேன். அப்படியும் ஏமாந்தேன்.

ஆன்டலோப் கேன்யன் என்பது அரிசோனா மாநிலத்தில், வெள்ளம் அறுத்து உண்டான குறுகலான செம்பாறைப் பள்ளத்தாக்கு; நவாஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. அவர்களுடைய உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. அதில் அப்பர், லோயர் என்று இரண்டு உண்டு. அப்பரில் வண்டியில் கூட்டிப்போய் இறக்கிவிடுவார்கள், உள்ளே மணல் தரையில் சமமாக நடக்கலாம், நடுப்பகலில் மேலேயிருந்து வெளிச்சம் தூண் மாதிரி இறங்கும் அந்தப் படம் அங்கே எடுத்ததுதான். லோயர் அப்படியில்லை, பாறைப் பிளவுக்குள் செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்க வேண்டும், உள்ளேயும் ஏணிகள் இருக்கின்றன, சில இடங்களில் உடம்பைத் திருப்பித்தான் நுழைய முடியும்.

நான் பணம் கட்டியது ஒரு இடைத்தரகர் தளத்தில். கேன்யனும் அன்றே மதியம் மானுமென்ட் வேலி ஜீப் பயணமும் சேர்த்து, நான்கு பேருக்கு 740 டாலர். பக்கத்தில் போட்டிருந்த படம் அந்த வெளிச்சத் தூண். தலைப்பில் வெறுமனே ‘ஆன்டலோப் கேன்யன்’ என்றுதான் இருந்தது. அதனால் சாட்டில் கேட்டேன்: ‘அம்மாவால் ஏணி ஏற முடியாது, இது அப்பர்தானே?’ ‘ஆமாம், சமதளம்தான், கவலை வேண்டாம்’ என்று பதில் வந்தது.

காலை பத்து மணிக்கு அங்கே போய் நின்றால், கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, ‘உங்கள் பெயரில் இருப்பது லோயர்’ என்கிறாள். அன்றைக்கு அப்பர் முழுவதும் விற்றுப்போயிருந்தது. அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், தரகர் வாங்கிக் கொடுத்தது லோயர் டிக்கெட், அவர்களிடம் இருந்ததும் அதுதான். அம்மா முழங்கால் உறையை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் படிக்கட்டு வரை வந்தாள். கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தவள், ‘நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கனயே உக்காந்திருக்கேன்’ என்று திரும்பிவிட்டாள். அப்பா அவளை விட்டு வரவில்லை. நானும் என் கணவரும் மட்டும் இறங்கினோம். அவ்வளவு அழகான இடம், எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. 1997 ஆகஸ்டில் எங்கோ தூரத்தில் பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்து இங்கே 11 பேர் இறந்ததையும், அதற்கப்புறம்தான் படிகளைப் பாறையோடு சேர்த்து முடுக்கினார்கள் என்பதையும் வழிகாட்டி சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் படிகளில் கால் வைக்கும்போதெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கிற அம்மாதான் ஞாபகம்.

அதோடு முடியவில்லை. தரகர் கொடுத்த அட்டவணையில் கேன்யன் பன்னிரண்டுக்கு முடியும், ஜீப் மூன்று மணிக்கு. நடுவில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓட்ட வேண்டும், தாராளமாகப் போய்விடலாம் என்றுதானே நினைப்போம்? அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள்; அரிசோனா அப்படி மாற்றுவதில்லை, அதற்குள் இருக்கும் நவாஹோ நிலம் மாற்றுகிறது. பேஜில் கேன்யன் பயணங்கள் நவாஹோ நிலத்தில் என்றாலும் அரிசோனா நேரப்படிதான் நடக்கும், மானுமென்ட் வேலியோ ஒரு மணி நேரம் முன்னால். பன்னிரண்டரைக்குக் கிளம்பி நாங்கள் போய்ச் சேரும்போது அங்கே மணி கிட்டத்தட்ட நான்கு. ஜீப் போய்விட்டது. ‘நீங்கள் வரவில்லை, பணம் திரும்பாது’ என்று தரகரிடமிருந்து மின்னஞ்சல். இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் டிக்கெட் விற்கிறவருக்கு இந்த ஒரு மணி நேரம் தெரியாதா?

ஜீப் போகும் அந்த 17 மைல் சுற்றுப்பாதையில் எங்கள் காரிலேயே போகலாமா என்று கணவர் கேட்டார். அது மண் பாதை, வாடகை ஒப்பந்தத்தில் மண் பாதை கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது, ஏதாவது ஆனால் காப்பீடும் கிடைக்காது. நல்லவேளை, போகவில்லை. பார்வையாளர் மையத்துத் திண்டில் உட்கார்ந்து, இரண்டு கையுறை மாதிரி நிற்கும் அந்தப் பாறைகள் சாயங்கால வெயிலில் சிவப்பதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டி, ‘நம்ம தேரிக்காட்டு மண்ணு மாதிரியே இருக்கு’ என்றாள்.

சரி, போகிறவர்களுக்கு. டிக்கெட்டை நவாஹோ வழிகாட்டி நிறுவனங்களிடமே நேரடியாகப் போடுங்கள். நான் அப்புறம் பார்த்தபோது விலை தரகர் வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். டிக்கெட்டிலேயே அப்பர் என்று இருக்கிறதா பாருங்கள், சாட்டில் சொல்வது உதவாது. அப்பரிலும் இப்போது வெளியே வரும் வழியில் படிகளும் சரிவும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நேரத்துக்குப் போனை நம்பாதீர்கள், அது எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் ஆன்டலோப், மானுமென்ட் வேலி, பேஜுக்குப் பக்கத்தில் ஆறு குதிரை லாடம் மாதிரி வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட் எதிலும் செல்லாது. எல்லாம் பாஸில் அடங்கும் என்று தரகர் சொன்னதை நம்பிப் போய், கடைசியில் மூன்று இடத்திலும் தனியாகக் கட்டினோம்.

கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த சாட் பதிவையும், கணவர் எடுத்திருந்த இரும்புப் படிக்கட்டுப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. அம்மாவும் அப்பாவும் போன வாரம் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.