செங்கல்லுக்கு யாரைப் பின்பற்றுவது: பேக்கரையா, கானையா?

செங்கல் கட்டடத்தை வடிவமைக்க முனையும் கட்டடக்கலை மாணவர்கள் பலர், திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கானின் அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்துக்கும் இடையே தடுமாறுகிறார்கள்.

செலவு: பேக்கர் கையாண்ட ‘எலிப்பொறிக் கட்டு’ (rat-trap bond) என்ற அடுக்குமுறையில் செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவதால், சுவருக்குள் வெற்றிடம் உண்டாகி, ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல் மிச்சமாவதுடன் வெயிலின் சூடும் மட்டுப்படுகிறது. கானின் கனத்த சுவர்களில் அந்தச் சிக்கனம் இல்லை.

ஆயுள்: கனம் மட்டும் போதாது, அகமதாபாத் வளாகத்தின் 18 மாணவர் விடுதிகளில் 14ஐப் பழுதைக் காட்டி இடிக்கப்போவதாக 2020இல் நிர்வாகம் அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அப்போதைக்குக் கைவிட்டது.

எளிமை: பேக்கரின் சுவர் பத்துச் செங்கற்களை மேசைமீது அடுக்கினாலே புரிந்துவிடும், கானின் செங்கல் வளைவையும் அதன் பக்கவாட்டு உதைப்பைத் தாங்கும் கான்கிரீட் விட்டத்தையும் பலமுறை வரைந்தால்தான் பிடிபடும்.

சிறு வீட்டுக்கும் ஊர் நூலகத்துக்கும் பேக்கரையும், பெரிய கல்வி வளாகத்துக்குக் கானையும் எடுத்துக்கொள்ளலாம்.