பழைய லாரிக் கதவுக்குச் சேனல் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

எங்கள் அப்பாரு வாங்கிய ஃபார்கோ லாரி, ஓட்டத்தை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியும், சங்ககிரியில் எங்கள் கொட்டகையில்தான் நிற்கிறது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த வண்டி அது. எஞ்சினையும் பிரேக்கையும் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டோம். மிஞ்சியது இரண்டு கதவுகளின் கண்ணாடிச் சேனலும் (கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத் தகடு) ரப்பர் பீடிங்கும் (கதவிடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை) மட்டுமே. சேனலின் உள்ளே ஒட்டியிருந்த ஃபெல்ட் என்ற கம்பளித் துணி முழுவதும் தேய்ந்து வெறும் தகடு தெரிந்ததால், வண்டி குலுங்கும்போதெல்லாம் கண்ணாடி கடகடவென்று ஆடியது.

பழைய வண்டிகளைப் புதுப்பிப்பதையே தொழிலாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறையில் கதவுகளைக் கழற்றிக் கொடுத்தேன். "ஒரிஜினல் ஃபெல்ட் சேனலே பம்பாயில இருந்து வரவெச்சுப் போட்டுத் தர்றேனுங்க" என்றார் உரிமையாளர். இரண்டு கதவுகளுக்கும் சேர்த்து 18,500 ரூபாய் பேசி, 10,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டு, எதையும் எழுதித் தராமல் மூன்று வாரத் தவணை சொன்னார். ஆனது இரண்டரை மாதம். கதவுகளை மாட்டிப் பார்த்தபோது கண்ணாடி ஏறவே மறுத்தது. "புதுசு அப்படித்தானுங்க இருக்கும், ஏத்தி எறக்க எறக்க எளகிரும்" என்று அவர் சொன்னதை நம்பி, மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தது என்னுடைய மடத்தனம்.

ஐப்பசியில் பெய்த முதல் பெருமழையில், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கதவைத் திறந்து மூடினால் குடத்தை அசைத்தது போல உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டது. உட்பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் நடந்திருக்கும் வேலை விளங்கியது.

எங்கள் வண்டியின் கண்ணாடி 6 மில்லிமீட்டர் தடிமன். அவர் போட்டிருந்ததோ, மெல்லிய கண்ணாடி கொண்ட ஏதோ ஒரு காருக்கான வெல்வெட் சேனல். அதன் வாயைக் கொறடால் நெம்பி விரித்திருந்த பற்தடம் தகட்டில் வரிசையாகத் தெரிந்தது. மேல் மூலையில் ஒரே நீளமாக வளைத்துப் பொருத்த வேண்டிய சேனலை மூன்று துண்டாக வெட்டி வைத்திருந்ததால், துண்டுகளுக்கு நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. கண்ணாடி உள்ளே இறங்கும் இடத்தில் வெளிப்புறத் தண்ணீரை வழித்துவிட வேண்டிய ரப்பர் பட்டை இருக்கவே இல்லை. அதற்குப் பதிலாகக் கறுப்பு சிலிக்கானை வழிய வழியப் பூசியிருந்தார்கள். புளிக்காடி வாடை அடிக்கும் அந்த வகை சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் என்பதால், வெறும் இரும்பில் பூசினால் துரு பிடிக்கும். அது போதாதென்று, கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்காகவே விட்டிருக்கும் துளைகளையும் அதே சிலிக்கானால் அடைத்திருந்தார்கள். மழைத்தண்ணீர் கொஞ்சமாவது கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற வழியில்லாவிட்டால் அறுபது ஆண்டு தாங்கிய தகடும் இரண்டு மழைக்காலத்தில் அடியிலிருந்து அரித்துப் போகும்.

இத்தனையையும் பிரித்து எறிந்து மறுபடி செய்துகொள்ளலாம். எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டென்றால், அது பழைய சேனலைப் பற்றியதுதான். தேய்ந்திருந்தாலும் அகலத்துக்கும் வளைவுக்கும் கையில் இருந்த ஒரே அளவு அதுதான் என்பதால், தூக்கிப் போட வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். திருப்பிக் கேட்டபோது, "காயலாங்கடைக்குப் போயிருச்சுங்க, அதை வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று சிரித்தார். பணத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. பில் எங்கே என்றார்.

பில் இல்லாவிட்டாலும், பணம் அனுப்பிய வங்கிப் பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் கையில் இருந்தன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது.

பழைய வண்டிக் கதவைப் பட்டறைக்குக் கொடுக்கும் எவரும், கழற்றுவதற்கு முன்பே சேனலின் உள் அகலத்தையும் கண்ணாடியின் தடிமனையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து எழுதிக்கொண்டு, புதுச் சேனலில் ஒரு சாண் துண்டை வாங்கிக் கண்ணாடி விளிம்பில் செருகிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். வண்டியை எடுக்கும்போது கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுத்தவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றச் சொல்லி, அது கதவின் அடித்துளை வழியாக வடிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

பவானிப் பக்கம், எங்கள் வண்டியைப் போன்ற கதவுள்ள பழைய டாட்ஜ் லாரி வைத்திருக்கும் ஒரு பெரியவர், தம் வண்டிக் கதவிலிருந்து அட்டையில் அளவு வெட்டிக்கொள்ள அனுமதித்தார். அதை வைத்து வலக்கதவை முடித்துவிட்டோம். இடக்கதவின் கண்ணாடி இப்போதைக்கு ஒரு மரச்சக்கையின் தயவில் நிற்கிறது.