காஸ்டிங் ஷீட் டெம்ப்ளேட் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

₹51,840 போய்விட்டது. நேற்று சாயங்காலம்தான் காரணம் தெரிந்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். ஒரு பீஸுக்கு என்ன செலவாகும் என்கிற காஸ்டிங் கணக்கை இத்தனை வருஷம் நோட்டில்தான் போட்டேன். பையர் ஆபீஸில் எக்ஸெல் ஷீட்டாகக் கேட்க ஆரம்பித்ததும், டெம்ப்ளேட் விற்கும் ஓர் இணையக் கடையில் ₹3,500 கட்டி ஒரு ஷீட் வாங்கினேன்.

விற்றவர் வீடியோ காலில் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். துணி ரேட்டை மாற்றினார், மொத்தம் மாறியது. தையல் கூலியை மாற்றினார், அதுவும் மாறியது. "அண்ணா, மஞ்சள் செல்லை மட்டும் தொடுங்க, மத்தது எல்லாம் ஷீட்டே பார்த்துக்கும்" என்றார். ஃபைலைத் திறக்கும்போது ஏதோ லிங்க்கை அப்டேட் செய்யவா என்று கேட்கிறதே என்றேன். "அது சும்மா வரும்ணா, வேண்டாம்னு கொடுத்துடுங்க" என்றார். நம்பினேன். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அன்றே பிடித்துக் கேட்டிருக்க வேண்டும்.

போன மாதம் 12,000 டி-ஷர்ட் ஆர்டர். பீஸுக்கு 180 கிராம், துணி கிலோ ₹480, கட்டிங் வேஸ்ட் 8 சதவீதம். எல்லாவற்றையும் மஞ்சள் செல்லில் ஒரே மூச்சில் அடித்தேன். ஷீட் 2,225 கிலோ என்றது. அதை வைத்தே ரேட் கொடுத்தேன், துணியும் வாங்கினேன். கட்டிங் டேபிளில் துணி பற்றவில்லை. 108 கிலோ கூடுதலாக வாங்க வேண்டியதாயிற்று. 108 பெருக்கல் 480, ₹51,840. பீஸுக்கு ஆறு ரூபாய் நிற்கும் என்று எடுத்த ஆர்டரில் ₹4.32 துணிக்கே போய்விட்டது.

துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரைத்தான் முதலில் சத்தம் போட்டேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் நேற்று வந்தவள் ஷீட்டைத் திறந்து, வேஸ்ட் செல்லில் 8ஐ அழித்து 50 என்று அடித்தாள். மொத்தம் அசையவே இல்லை. "மாமா, இந்த செல் எதோடயும் சேரலை" என்றாள்.

எக்ஸெல்லில் ஒரு செல்லுக்குப் பெயர் வைத்து அந்தப் பெயரை ஃபார்முலாவில் எழுதலாம். செல்லே இல்லாமல் வெறும் எண்ணுக்கும் பெயர் வைக்கலாம். என் ஷீட்டில் துணிக் கணக்குக்குள் 'வேஸ்ட்' என்று ஒரு பெயர் உட்கார்ந்திருந்தது. மஞ்சள் செல்லைத்தான் சொல்கிறது என்று நான் நினைத்திருந்தேன். காலி செல் ஒன்றில் சமக்குறி போட்டு அந்தப் பெயரை அடித்தாள். 0.03 என்று வந்தது. நான் 8 என்று அடித்தாலும் 18 என்று அடித்தாலும் ஷீட் 3 சதவீதத்தில்தான் ஓடியிருக்கிறது.

கன்ட்ரோல் எஃப்3 அழுத்தினால் வரும் நேம் மேனேஜரில் பதினொரு பெயர் இருந்தன. 'வேஸ்ட்' அதில் இல்லை. பெயரை மறைத்து வைக்க முடியுமாம். மறைத்தால் அந்தப் பட்டியலில் வராது, கணக்கில் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். மேக்ரோ, அதாவது ஃபைலுக்குள் எழுதி வைக்கும் குட்டி புரோகிராம், இல்லாத ஃபைலிலும் மறைத்தது மறைத்தபடியே இருக்கும். ஆல்ட் எஃப்11 அழுத்தினால் வரும் புரோகிராம் எழுதும் இடத்துக்குப் போய் நாலு வரி எழுதி எல்லாப் பெயரையும் வெளியே கொண்டுவந்தாள். அறுபதுக்கு மேல்! பாதி செத்துப்போன பெயர்கள். சில பெயர்கள் வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபைலைச் சுட்டின. லிங்க் கேள்வி வந்தது அதனால்தான். யாருக்கோ செய்த ஷீட்டைத் துடைக்காமல் என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

உடனே கடைக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். முதல் பதில், "நீங்க ஃபார்முலாவை மாத்தியிருப்பீங்க." ஷீட்டுக்குப் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்ததே அவர்கள்தான், நான் எப்படி மாற்றுவேன்? அடுத்த பதில், "ஃபைல் ஓபன் ஆகுதுல்ல சார், அதுவரைக்கும்தான் எங்க பொறுப்பு." அண்ணா போய் சார் ஆகிவிட்டது. மூன்றாவதாக, சரி செய்த புது வெர்ஷன் இருக்கிறதாம், ₹1,500 கட்ட வேண்டுமாம். ₹51,840 நஷ்டம் என்று திரும்ப எழுதினேன். படித்துவிட்டார்கள், பதில் இல்லை. இன்று காலை போன் செய்தால் கட் செய்கிறார்கள்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், லோடு ஏற்றும் நேரம் ஆகிவிட்டது. இதை மட்டும் செய்யுங்கள்.

வாங்கியதும் ஒவ்வொரு மஞ்சள் செல்லாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பெரிதாக மாற்றி மொத்தம் அசைகிறதா பாருங்கள். ஃபார்முலாவில் பெயர் தெரிந்து நேம் மேனேஜரில் அது இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள். ஃபைல் மெனுவில் இன்ஃபோ, அதில் இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட் ஓட்டினால் மறைந்த பெயர்கள் இருப்பதைச் சொல்லும். ஆனால் ஃபைலின் நகலில் ஓட்டுங்கள், கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள், ஃபில்டர் போட்டால் எக்ஸெல்லே இப்படி ஒரு பெயரை மறைத்து வைக்குமாம். உங்கள் ஷீட்டை வெளியே அனுப்பும் முன்னும் பாருங்கள். பூட்டிவிட்டு அதன் பாஸ்வேர்டைத் தராத ஷீட்டை வாங்கவே வாங்காதீர்கள்.

இதே மாதிரி ஷீட் வாங்கியவர்கள் இருந்தால் இன்றைக்கே அந்த வேஸ்ட் செல்லில் 50 அடித்துப் பாருங்கள்.