'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்': டிசைனர்கள் வாங்கலாமா?

கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, முறுக்கு பாக்கெட் என்று வருவதையெல்லாம் டிசைன் செய்து பிழைப்பவன் நான். புது வேலை வந்தால் முதலில் பின்டரெஸ்ட், அப்புறம் பிஹான்ஸ் என்று படம் தேடும் தளங்களிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும், எடுத்து வைத்த நாற்பது படமும் ஒரே ஆள் வரைந்த மாதிரி இருக்கும். அதே மங்கல் பச்சை, அதே மூக்கில்லாத முகம். ஒன்றை எடுத்து வைத்தால் அதே சாயலில் இன்னும் இருபதைக் கொண்டுவந்து கொட்டும் இடத்தில் வேறென்ன கிடைக்கும்? அந்த அலுப்பில் இருந்தபோதுதான் நண்பர் வீட்டில் இந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை, அடுத்த மாதச் சம்பளத்தில் எனக்கென்று ஒன்று வாங்கிவிட்டேன்.

சென்னை தாரா புக்ஸ் 2006-இல் போட்ட புத்தகம், 2008-இல் குழந்தைப் புத்தகங்களுக்கான போலோன்யா ராகாட்ஸி விருதும் வாங்கியது, ஆக நான் ரொம்பத் தாமதம்தான். பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூன்று கோண்டு (மத்திய இந்தியப் பழங்குடி) ஓவியர்கள் வரைந்த மரங்கள். பகல் முழுக்க நிழலும் தீனியும் கொடுத்துக்கொண்டிருக்கும் மரம் ராத்திரியில்தான் தன் உள்ளுருவத்தைக் காட்டும் என்பது கோண்டு நம்பிக்கை. அதனால் தாளே கறுப்பு! கதையே தாளின் நிறத்தை முடிவு செய்திருக்கிறது. நாம் நிறத்தை எடுத்துவிட்டுத்தான் அதற்கு ஒரு காரணம் தேடுவோம்.

அடுத்து அச்சு. பழைய பருத்தித் துணியிலிருந்து கையால் செய்த தாள், அதில் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் அச்சகத்து ஆட்கள் நிறத்துக்கு ஒரு வலைச்சட்டம் வைத்து, கையால் மை இழுத்து, காயவைத்து, மறுபடி அடுத்த நிறம். ஸ்கிரீன் பிரிண்டிங் நமக்கொன்றும் புதிதில்லை, துணிக்கடை மஞ்சப்பையில் பார்த்து வளர்ந்ததுதான். ஆனால் கறுப்பின் மேல் அதே மை இப்படித் தடித்து, விரல் வைத்தால் தட்டுப்படுகிற மாதிரி நிற்கும் என்று தெரியாது. ஆஃப்செட்டில், அதாவது வழக்கமான மெஷின் அச்சில், மை தாளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், இங்கே தாளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு பிரதியிலும் கையால் எண் போட்டிருப்பார்கள்.

படங்களைப் பற்றி நியாயமாக நாலு பக்கம் எழுதலாம். ஒன்றில் மரத்தின் வேரும் பாம்பும் ஒன்றாகிவிடுகின்றன, பூமியைச் சுருட்டிப் பிடித்திருப்பது பாம்புதான், மர வேரும் அதைத்தான் செய்கிறது, ஆகவே பூமியை வரைய வேண்டுமென்றால் பாம்பை வரைந்தாலே போதும் என்கிற கணக்கு. லோகோ செய்பவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். வீட்டுச் சுவரில் இருந்ததைத் தாளுக்குக் கொண்டுவந்து இந்தப் பாணியை வெளியுலகுக்குக் காட்டியவர் ஜன்கட் சிங் ஷ்யாம், 80-களில், போபாலில் இருக்கும் பாரத் பவன் என்ற கலை மையத்தில். பஜ்ஜு அவருடைய உறவுக்காரர். கோண்டு ஓவியர்கள் ஒவ்வொருவருக்கும் உருவத்துக்குள் நிரப்ப ஒரு சொந்தக் கோலம் உண்டு, புள்ளியோ பிறையோ சின்னக் கோடோ, கையெழுத்து மாதிரி. இந்தப் புத்தகத்தில் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு யார் வரைந்தது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள், இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும். என் படத்தில் பெயரை மறைத்தால் யாராவது கண்டுபிடிப்பார்களா என்று கேட்டுக்கொண்டேன், பதில் பிடிக்கவில்லை.

சரி, இதைப் பார்த்துவிட்டு நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வளைகாப்புப் பத்திரிகைக்குக் கறுப்பு அட்டையில் வெள்ளி மையில் மரம் போட்டேன், இலைக்குள் பொடிப்பொடியாகக் கோடு. பிரஸ்காரர் பார்த்ததுமே "இவ்வளவு பொடிசா நிக்காது தம்பி, அடைச்சுக்கும்" என்றார். கேட்கவில்லை. அடைத்துக்கொண்டது, மரம் வெள்ளிக் கட்டியாக வந்தது. (வளைகாப்புக்குக் கறுப்பு அட்டையா என்று அந்த வீட்டுப் பாட்டி கேட்டது தனிக்கதை.) வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் அப்போதுதான் கண்ணில் பட்டது, நான் கோட்டை மட்டுமே பார்த்திருந்தேன், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு கறுப்பை விட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கவே இல்லை.

குறைகள்? விலை குறைவில்லை, ஆனால் கை வேலைக்கு அந்த விலை தகும். புதுப் பிரதியில் மை வாசனை அடிக்கும், எனக்குப் பிடிக்கும், வீட்டில் பிடிக்காது. கறுப்புப் பக்கத்தில் விரல் ரேகை பளிச்சென்று தெரியும், பஜ்ஜி சாப்பிட்ட கையோடு தொடாதீர்கள். என்னிடம் இருப்பது ஆங்கிலப் பதிப்பு, ஒவ்வொரு படத்துக்கும் சில வரிதான், மொழி தடையில்லை. கோண்டு பாணியை அப்படியே எடுத்துப் பத்திரிகையில் போட வாங்குகிறீர்கள் என்றால் வாங்க வேண்டாம், அது அவர்கள் சொத்து.

செல்போனில் பக்கங்களைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு "அவ்வளவுதானா" என்று முடிவு செய்யாதீர்கள், அந்த மை போட்டோவில் விழாது. திருவான்மியூரில் தாராவின் கட்டடத்திலேயே புத்தகங்கள் இருக்கும், திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போய் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்.