பாலூ தம்பி: கடைப் பலகைக்கு ஏற்ற தடித்த எழுத்து

மும்பை தாராவியில் பலகையும் அழைப்பிதழும் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். இங்கே கடைப் பெயர் மராத்தியில் இருந்தே ஆக வேண்டும். நம் ஆட்கள் பக்கத்தில் தமிழும் கேட்பார்கள். பொருந்தாத எழுத்துருக்களைச் சேர்த்தால் மராத்தியின் தேவநாகரி எழுத்து கொழுகொழுவென்றும் தமிழ் நோஞ்சானாகவும் தெரியும். பாலூ தம்பி அந்தக் கவலையைத் தீர்த்தது.

மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் உருவாக்கிய பாலூ குடும்பத்தின் தமிழ் எழுத்துரு இது. கன்னடத்துக்கு தம்மா, மலையாளத்துக்கு சேட்டன், குஜராத்திக்கு பாய் என்று உடன்பிறப்புகள் உண்டு. எல்லாவற்றிலும் ஒரே தடிமன், ஒரே உருண்டை முனை. அதனால் மராத்தியும் தமிழும் ஆங்கிலமும் ஒரே பலகையில் சண்டையில்லாமல் நிற்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் சுழிகள். 'ணை', 'ழு' எல்லாம் வெந்த இட்லி மாதிரி உப்பலாக, ஆனால் அடையாளம் கெடாமல் இருக்கின்றன. டிபன் கடை, பால்வாடி, பிறந்தநாள் பேனர் எதற்கும் தயங்காமல் போடலாம். துக்கச் செய்திக்கு நான் தொடமாட்டேன்.

சின்ன அளவில் மட்டும் கவனம். மெனு அட்டையின் விலைப்பட்டியலில் மிகத் தடித்த வடிவைப் போட்டால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அங்கே இதன் அடுத்த பதிப்பான பாலூ தம்பி 2-இல் மெல்லிய வடிவை எடுங்கள். அதில் சாதாரணம் முதல் மிகத் தடிப்பு வரை ஐந்து தடிமன்கள் இருக்கின்றன. அப்போதும் நீண்ட பத்திகளுக்கு வேண்டாம்.

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். திருட்டு எழுத்துரு தேடுபவர்கள் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள்.