ஆவாரம்பூ விற்ற கதை: ஸ்டாக் தளங்களில் புகைப்படம் விற்ற அனுபவம்

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கல்யாணப் புகைப்படக்காரர்களுக்குக் கை வறண்டு போகும் மாதங்கள் அவை. அந்த இடைவெளிக்காகத்தான் 2017-ல், படங்களைப் பயன்படுத்தும் உரிமையை விற்கும் ஸ்டாக் இணையதளங்களில் படம் ஏற்றத் தொடங்கினேன், இன்றும் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். "ஏற்றிவிட்டால் போதும், பணம் தானாக வந்துகொண்டிருக்குமாமே?" என்று ஈரோட்டில் தொழில் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்.

வருகிறது. ஆனால் புதிய படங்கள் ஏற்றுவதை நிறுத்தினால் சில மாதங்களிலேயே வரவு இறங்கத் தொடங்குகிறது. மென்பொருள் சந்தா, இணையக் கட்டணம், ஹார்ட் டிஸ்க் செலவு எல்லாம் போக, ஆண்டுக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கும் அளவுக்கு எனக்கு மிஞ்சுகிறது. குடும்பம் நடத்த இது போதாது. இதை நம்பி இருக்கும் தொழிலை யாரும் விட்டுவிட வேண்டாம்.

அடோபி ஸ்டாக் தளத்தில் விற்ற தொகையில் நமக்குப் புகைப்படத்துக்கு 33 விழுக்காடு, வீடியோவுக்கு 35 விழுக்காடு பங்கு. கேட்கப் பெரிதாகத் தெரியும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சந்தா கட்டி வாங்குவதால், ஒரு பதிவிறக்கத்துக்கு நம் கைக்கு வருவது பல நேரங்களில் அரை டாலர்கூட இருக்காது. 25 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை எடுக்க முடியும். ஆகவே ஒரே படம் பலமுறை விற்க வேண்டும். எந்தப் படம் அப்படி விற்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சூரிய உதயமும் மயிலும் தளங்களில் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. என் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பது ஆவாரம்பூ. வெயில் ஏறுவதற்குள் கிளையோடு பறித்துவந்து, வெள்ளை அட்டை முன்னால் வைத்து எடுத்த படம். பூ, மொட்டு, காய் மூன்றும் ஒரே கிளையில் தெரியும். கலை என்று பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் மூலிகைத் தேநீர் உறைக்கும் தாவரவியல் பாடத்துக்கும் இப்படிப்பட்ட படம்தான் வேண்டும். அதற்கு 'மஞ்சள் பூ' என்று மட்டும் குறிச்சொல் போட்டால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். 'சென்னா ஆரிகுலாட்டா' என்ற தாவரவியல் பெயர், 'டேனர்ஸ் காசியா' என்ற ஆங்கிலப் பெயர், 'ஆவாரம்' என்ற நம் பெயரின் ஆங்கில எழுத்து வடிவம், இவற்றுக்குப் பிறகே நிறமும் பின்னணியும். அடோபியில் 49 குறிச்சொற்கள் வரை போடலாம். தேடலில் முதல் பத்துக்கே எடை அதிகம். படம் எடுக்கும் நேரத்தைவிட இந்தச் சொற்களை அடுக்கும் நேரம்தான் எனக்கு எப்போதும் கூடுதலாகப் பிடிக்கிறது.

போகியன்று கொங்குப் பக்கத்து வீடுகளில் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கூரையில் செருகும் காப்பின் படமும் இப்படித்தான் விற்கிறது. ஜனவரியில் எடுத்ததை அப்போதே ஏற்றுவதைவிட அக்டோபர், நவம்பரில் ஏற்றுவது நல்லது. பண்டிகைக்கு முன்பே படம் தேடுகிறவர்கள் வந்துவிடுவார்கள்.

ஆள் முகம் அடையாளம் தெரிந்தால், விளம்பரப் பயன்பாட்டுக்கு அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். குழந்தையென்றால் பெற்றோர் கையெழுத்து. மஞ்சள் மண்டியில் எடுத்த படங்களில் மூட்டை மீது வணிக முத்திரை இருந்தாலும் சிக்கல்தான். அவற்றை ஷட்டர்ஸ்டாக், அலமி போன்ற தளங்களின் செய்திப் பயன்பாட்டுப் பிரிவில் இடமும் தேதியும் எழுதி ஏற்றுகிறேன்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 2020 ஜூனில் பெரிய தளம் ஒன்று தன் பங்கு முறையை மாற்றியது. ஆண்டு முழுதும் விற்று, பங்கு கூடுதலாகக் கிடைக்கும் மேல்படிக்கு ஏறியவரும் ஜனவரி 1 அன்று மீண்டும் முதல் படியில் நிற்க வேண்டும். ஒரு படத்துக்கு 10 சென்ட் மட்டும் வந்த நாள்கள் அதன்பிறகு ஏராளம். ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றுபோயிருந்த நேரம் அது. உழைத்துச் சேர்த்த படிநிலையை ஆண்டுதோறும் பறிப்பது அநியாயம் என்றே இன்றும் சொல்வேன். பிரத்தியேக ஒப்பந்தம் போடாமல் ஒரே படத்தைப் பல தளங்களில் வைத்திருந்ததால்தான் அந்த ஆண்டைத் தாண்டினேன்.

2022 டிசம்பரில் அடோபி ஸ்டாக் செயற்கை நுண்ணறிவுப் படங்களையும் ஏற்கும் என்று அறிவித்த பிறகு, கைகுலுக்கும் அலுவலகக் காட்சி, சாலட் தட்டு போன்ற என் பொதுப் படங்கள் ஏறக்குறைய நின்றுவிட்டன. ஆவாரமும் காப்பும் நிற்கவில்லை. இயந்திரத்திடம் நானே காப்பு கேட்டுப் பார்த்தேன். சாமந்தி மாலையைத்தான் வரைந்து கொடுத்தது. புதிதாக வருகிறவர்கள் தம் ஊரில் மட்டும் விளைவதை, செய்வதை, கட்டுவதை முதலில் எடுக்கட்டும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. கணக்கு தொடங்கும்போது டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து நிரப்பினால், அமெரிக்காவில் நடக்கும் விற்பனைக்கான ராயல்டியில் 30 விழுக்காட்டுக்குப் பதில் 15 விழுக்காடுதான் பிடிப்பார்கள். இங்கே வருமானவரிக் கணக்கிலும் இந்த வரவைக் காட்ட வேண்டும். டபிள்யூ-8பென் படிவம், கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டு டிசம்பரோடு காலாவதியாகிவிடும். அதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.